உதைக்கிறவனுக்கு மரியாதை

டிம்ப்னா ஹாலினனின் சலூனில் அந்த இலையுதிர்காலம் முழுக்க யாரும் ரக்பி பேசவில்லை. அயர்லாந்தின் லிமரிக் நகரத்தில் ஒரு சலூனுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வரவே முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டதும் ஆணானாலும் பெண்ணானாலும் அங்கே வாயைத் திறப்பதே அதற்காகத்தான். இப்போது எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஷானன் ஆற்றின் மேல் வருடம் முழுக்கக் கொட்டுகிற அதே மழையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? பாதி முடி வெட்டுவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் கத்தரிக்கோல் சத்தம்தான்.

காரணம் அவள் மகன் லோர்க்கன். மாகாண அணியின் சிவப்புச் சட்டையில், பந்தை உதைக்கிற பத்தாம் எண்ணுக்கு இரண்டாவது ஆள். முதல் ஆளுக்கு மூச்சு வாங்கினால் கடைசிக் கொஞ்ச நேரம் இறங்குவான். மற்ற நேரமெல்லாம் பெஞ்சைத் தேய்ப்பான். அப்படி வருடக்கணக்கில் தேய்த்தவனை பிரான்ஸின் தெற்கே மோன்ஃபெராக் என்ற ஊரின் அணி, 'எங்களுக்கு நீதான் முதல் ஆள்' என்று கூப்பிட்டது. குளிர்காலத்தில் சரி என்று வாக்குக் கொடுத்தான். வசந்தத்தில் இங்கே அந்த முதல் ஆளுக்கு முழங்கால் நாசமாகிவிட்டது. அணி நிர்வாகம், ஊர், பாதிரியார் வரைக்கும் அவனிடம் 'இரு' என்று கெஞ்சியாயிற்று. "வாக்குக் கொடுத்துட்டேன்" என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு ஜூலையில் விமானம் ஏறிவிட்டான்.

அவன் நின்றிருந்தால் கடவுளாக்கியிருப்பார்கள். போனதால் என்னவாக்கினார்கள் என்பதை ஆற்றுப் பாலத்தின் அடியில் யாரோ வெள்ளைப் பெயின்டில் எழுதிவைத்தார்கள். அதைப் படித்தது முதல் டிம்ப்னா சலூனுக்கு வேறு தெரு வழியாகப் போனாள். கிறிஸ்துமஸுக்கு லோர்க்கன் வரவில்லை. பயிற்சி இருக்கிறது என்றான். அவளும் நம்புகிற மாதிரிப் பேசினாள். தன் பிள்ளை தன் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வர வேண்டும். அந்த வருடம் அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு முர்ட்டி ஷீடிதான் அவளுக்குப் பெரிய தலைவலி. பால் லாரி ஓட்டுகிற மனுஷன். ஒரு காலத்தில், இரண்டு அணியும் தலையைக் கோத்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில் முன்வரிசையில் நின்று காதெல்லாம் நசுங்கிக் காலிஃபிளவர் ஆகிப்போனவன். டிம்ப்னாவின் புருஷன் செத்ததிலிருந்து மைதானத்தின் மேற்குப் படிகளில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன்தான். கூட்டத்தில் அவளை யாராவது இடித்தால் அவன் தோள் நடுவில் வந்துவிடும். லோர்க்கன் போனபிறகும் அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் லோர்க்கன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டான். "அந்த ஆளு" என்பான்.

அக்டோபரில் ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து அணி ஒன்றை மழையிலும் சேற்றிலும் போட்டுப் புரட்டி எடுத்தார்கள். டிசம்பரில் வேல்ஸுக்குப் போய் உதை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஜனவரியில், எதிரணியின் கோட்டில் பந்தைக் கொண்டுபோய் வைக்கிற ட்ரை, அது நான்கு போட்டால்தான் அடுத்த சுற்று என்ற நிலை. மூன்றைப் போட்டுவிட்டு, நான்காவதுக்காக எதிரணியின் கோட்டில் அத்தனை பேரும் மூட்டை மூட்டையாக விழுந்தார்கள். கடைசியில் பந்து எந்தப் புண்ணியவான் கையிலிருந்து கோட்டைத் தொட்டது என்று நடுவர் குனிந்து தோண்டித்தான் கண்டுபிடித்தார். அன்றைக்கு முர்ட்டி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். சிவப்புச் சட்டைக்காரர்களை என்னதான் சொன்னாலும், தோற்றுப்போகத் தெரியாத பயல்கள். அவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு நிமிராதவன் அந்த ஊரில் கிடையாது. டிம்ப்னாவுக்கும் நிமிரத்தான் செய்தது.

அந்த நெஞ்சோடு வீட்டுக்குப் போய், மறுநாள் தொலைக்காட்சியில் அதே கோப்பையில் ஆடும் மோன்ஃபெராக்கின் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பாள். முர்ட்டி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். திரையில் அவள் பிள்ளை நீலச் சட்டையில் ஓடுவான், பந்தைக் கடத்துவான், கம்பங்களுக்கு நடுவில் ஒன்று மாற்றி ஒன்றாகப் போடுவான். அந்தத் தொடரிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்தான். பெஞ்சில் இத்தனை நாள் எதை உட்காரவைத்திருந்தார்கள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டு கொண்டாடினாள்.

கால் இறுதிக்கு யாருக்கு யார் என்று குலுக்கியபோது விதி தன் வேலையைக் காட்டியது. மோன்ஃபெராக் லிமரிக்குக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல லோர்க்கன் கூப்பிட்டான்.

"குலுக்கினதைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன். நல்லாச் சாப்பிடுறியா?"

"பேச்சை மாத்தாத. நான் உதைக்கறப்ப விசில் அடிச்சுக் கேலி பண்ணுவாங்களா?"

"யார் அடிப்பாங்க? நம்ம ஊர்ல பந்தை வச்சுட்டா எவனும் மூச்சு விடமாட்டான். உனக்குத் தெரியாதா?"

"அது வெளியூர்க்காரனுக்கும்மா."

ஊரில் முட்டை விலை ஏறிவிட்டது என்று ஏதோ சொல்லிவைத்தாள்.

அந்த மைதானத்தின் வழக்கம் அது. கம்பங்களை நோக்கி உதைக்க யார் பந்தை வைத்தாலும், நம்மவனோ எதிரியோ, ஊரே வாயை மூடிக்கொள்ளும். மற்ற ஊர்களில் உதைக்கிறவனைக் கூச்சல் போட்டுக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். இங்கே குழந்தை அழுதால்கூட முன்னால் இருப்பவன் திரும்பி முறைப்பான். கூச்சலுக்குப் பழகிய வெளியூர்க்காரர்கள் இந்த அமைதியில் குறி தவறியிருக்கிறார்கள். அது வேறு விஷயம், அவர்கள் பாடு. ஊர்க்காரர்கள் செய்வது மரியாதைக்குத்தான். அதில் டிம்ப்னாவுக்கு எப்போதும் கர்வம் உண்டு.

முர்ட்டி மட்டும் வேலிக்கு மேலே தலையை நீட்டி அவளிடம் சொல்லிவிட்டான். "டிம்ப்னா, உங்கிட்ட ஒளிச்சு மறைச்சுப் பேசுற ஆள் இல்ல நான். அந்த ஆளு பந்தை வச்சா நான் விசில் அடிப்பேன். பல்லு கொட்டுற வரைக்கும் அடிப்பேன்."

"அடிச்சுக்கய்யா. பல்லு மிச்சம் இருந்தாத்தானே கொட்டும்?"

"வேணும்னா அன்னிக்கு மட்டும் தள்ளி நின்னுக்கறேன்."

"எதுக்கு? என் காதுலயே அடி. நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. மேற்குப் படிகள் மதியமே நிரம்பிவிட்டன. சிவப்புக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் டிம்ப்னாவும் வந்தாள். வேறு எதைப் போட்டுக்கொள்வது? முர்ட்டி பக்கத்தில் வந்து நின்று தலையை மட்டும் ஆட்டினான். நீலச் சட்டைக்காரர்கள் ஓடிவந்தபோது பத்தாம் எண்ணைப் பார்த்ததும் படிகளில் ஒரு உறுமல் எழுந்தது. தன் முதுகில் யாரோ கையை வைத்துத் தள்ளினாற்போல் இருந்தது அவளுக்கு.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மோன்ஃபெராக்குக்குப் பெனால்டி. லோர்க்கன் பந்தை நிறுத்தினான். பின்னால் நடந்தான். முர்ட்டி கையுறையைக் கழற்றினான். இரண்டு விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனான். டிம்ப்னா கம்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வரவில்லை. மைதானம் முழுக்க அடங்கிப்போயிருந்தது. கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுவது கேட்டது. அவன் ஷூ பந்தில் பட்ட சத்தம் மேற்குப் படிகள் வரைக்கும் தெளிவாக வந்தது. பந்து நடுவில் போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். முர்ட்டி விரல்களைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"கை கேக்க மாட்டேங்குது டிம்ப்னா," என்றான், தன் மேலேயே எரிச்சலாக. "சனியன், பழகிப்போச்சு."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் ஊரை அன்றைக்குப்போல அவள் என்றைக்கும் வியந்ததில்லை. இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேர் வாயை மூடுவது சாதாரணக் காரியமா? இரண்டாவது உதைக்கும் அதே அமைதி. மூன்றாவதுக்கும் அப்படியே. மூன்றாவதில்தான் அவளுக்கு உறைத்தது. எந்த இங்கிலாந்துக்காரனுக்கும் எந்த இத்தாலிக்காரனுக்கும் கொடுப்பதைத்தான் கொடுக்கிறார்கள். ஒரு துளி கூடவும் இல்லை, குறைவும் இல்லை. விருந்தாளிக்கு வைக்கிற நல்ல கோப்பையை எடுத்து அவள் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள்.

ஆட்டம் அப்புறம் யார் கையிலும் நிற்கவில்லை. சிவப்புக்கு ஒரு ட்ரை, நீலத்துக்கு ஒன்று. லோர்க்கனை இரண்டு முறை தரையோடு சேர்த்து அறைந்தார்கள். இரண்டு முறையும் எழுந்து, மூக்கில் வந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் ஆட்களைக் கைகாட்டி நகர்த்தினான். முடிய வேண்டிய நேரத்தில் சிவப்பு இரண்டு புள்ளி முன்னால். நீலச் சட்டைக்காரர்கள் ஸ்க்ரமில் தம் கட்டித் தள்ளினார்கள். சிவப்பு முன்வரிசை குப்புற விழுந்தது. நடுவர் பெனால்டி என்று கையை நீலத்தின் பக்கம் தூக்கினார். போட்டால் மூன்று புள்ளி, அதோடு ஆட்டமும் முடிந்தது.

வலது ஓரம், பக்கக்கோட்டுக்குப் பக்கத்தில், மோசமான கோணம். ஆற்றுக்காற்று வேறு. லோர்க்கன் பந்தை வைத்தான்.

படிகளில் எங்கோ கீழே ஒரு விசில் கிளம்பியது. வெளியூரிலிருந்து டிக்கெட் வாங்கி வந்த எவனோ. முர்ட்டி எருமை மாதிரித் திரும்பினான்.

"எவன்டா அது? வாயை மூடுறா! உதைக்கிறான்ல!"

விசில் செத்தது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. டிம்ப்னா பிரார்த்தனை செய்ய முயன்றாள். எந்தப் பக்கத்துக்குக் கேட்பது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிட்டாள். லோர்க்கன் ஓடிவந்து உதைத்தான். பந்து நன்றாகத்தான் எழுந்தது, நேராகத்தான் போனது, கடைசியில் இடதுபக்கம் வளைந்து கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது.

நகரமே வெடித்தது. முர்ட்டி யாரையோ கட்டிக்கொண்டு குதித்தான். முன்பின் தெரியாதவர்கள் அவளை முத்தமிட்டார்கள். சிவப்பு அரையிறுதிக்குப் போய்விட்டது! அவள் மட்டும் அங்கே தூரத்தில் இரண்டு கையையும் தலையில் வைத்துக் குந்தியிருந்த நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்க முடியாத தூரம்.

மாலையில் ஆற்றோரத்துப் பப்பில் கால் வைக்க இடமில்லை. ஓர் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடலாம் என்று வந்த டிம்ப்னாவுக்கு யாரோ நாற்காலி கொடுத்தார்கள். இன்னொருவர் ஷெர்ரி ஒயின் வாங்கி வைத்தார். மழையைத் தவிர வேறெதுவும் பேசாதிருந்தவர்களெல்லாம் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். என்னவென்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. முர்ட்டி கருப்பு பீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறியபோதுதான் விளங்கியது.

"ஊரே கேட்டுக்குங்க! நான் அவனை என்னென்னவோ சொன்னேன். எல்லாத்தையும் வாபஸ் வாங்கறேன். வேணும்னேதான்யா வெளிய அடிச்சான்! தொடர்லயே அதிகப் புள்ளி எடுத்தவன், அவனுக்கா தப்பும்? நம்ம ரத்தம், நமக்கு எதிரா அடிக்க மனசு வரல. லோர்க்கன் ஹாலினன்!"

"லோர்க்கன் ஹாலினன்!" என்று பப் அதிர்ந்தது. அந்தப் பெயரை முர்ட்டியின் வாயிலிருந்து கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது! பாலத்துக்கு அடியில் நாளைக்கே சுண்ணாம்பு அடித்துவிடுவோம் என்றான் ஒருவன்.

இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன் வேண்டுமென்று தவறவிடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தலையில் கைவைத்துக் குந்தியிருந்தவனை அவள்தானே பார்த்தாள்? ஆனால் அந்த நாற்காலி சுகமாக இருந்தது. இவ்வளவு நாள் ஊர் அவளுக்கு முதுகைக் காட்டியது போதாதா? இந்த ஒரு பொய் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஷெர்ரியை ஒரு வாய் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்து லோர்க்கன் உள்ளே வந்தான். அணியின் பேருந்து கிளம்புவதற்கு முன் அம்மாவைப் பார்த்துவிட்டு வர அனுமதி வாங்கியிருந்தான். நீலக் கோட்டு, மூக்கின் மேல் பிளாஸ்திரி. அடிக்க வருகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, வாசலிலேயே தோளை இறுக்கிக்கொண்டான். அவர்களோ அவனைத் தூக்காத குறையாக உள்ளே இழுத்தார்கள். முர்ட்டி அவன் முகத்தை இரண்டு கையிலும் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தான்.

"வேணும்னு விட்டல்லடா? எங்களுக்குத் தெரியும்டா. வெளிய மூச்சு விடமாட்டோம்."

லோர்க்கனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் கூட்டத்துக்கு மேலாக அம்மாவைப் பார்த்தான். டிம்ப்னா கண்ணாலேயே கெஞ்சினாள். விட்டுவிடு, தலையை மட்டும் ஆட்டு, வீட்டுக்கு வந்துவிடலாம்.

அவன் முர்ட்டியின் கைகளை முகத்திலிருந்து மெல்ல எடுத்தான்.

"இல்ல முர்ட்டி. நான் விடல. தப்பிப்போச்சு."

"சும்மா சொல்லாதடா."

"சத்தியமா. இருந்த பலத்தையெல்லாம் சேத்துத்தான் உதைச்சேன். உங்களை வெளிய அனுப்பணும்னுதான் உதைச்சேன். அந்தப் பெனால்டிக்காக எங்க முன்வரிசைப் பசங்க மூஞ்சி கிழிஞ்சு கிடக்குறாங்க. வேணும்னு வெளிய அடிச்சுட்டு நான் எப்படி அந்த பஸ்ல ஏறுவேன்? இப்பவும் வயிறு எரியுது. என்னை எதுக்கு வேணும்னாலும் திட்டுங்க. இதுக்குப் பாராட்டாதீங்க."

கதை கெட்டது என்று நினைத்தாள் டிம்ப்னா. கிடைத்த ஊரைக் கையால் தள்ளிவிட்டான். ஆனால் அதை நினைக்கும்போதே பொங்கிக்கொண்டு வந்த பெருமையை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தான் ஒரு வாய் ஷெர்ரிக்கு விழுங்கிய உண்மையை, பயல் அத்தனை முரடர்களுக்கு நடுவில் நின்று கக்கிவிட்டான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அடி விழுந்தால் தனக்கும் சேர்ந்து விழட்டும் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

முர்ட்டி கோப்பையைக் கீழே வைத்தான். அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்ப நிஜமாவே தப்பிப்போச்சா?"

"நிஜமாவே."

"முழு பலத்தோட உதைச்சும்?"

"ஆமா."

"அடச்சீ!" முர்ட்டியின் குரலுக்குக் கண்ணாடிகள் நடுங்கின. "கேட்டீங்களாய்யா? இவனுக்காகவா ஜூலையிலேருந்து துக்கம் கொண்டாடினோம்? உதைக்கிறவன் போயிட்டான், உதைக்கிறவன் போயிட்டான்னு ஊரே மாரடிச்சுதே! டேய், எட்டு வயசுல என் சமையலறை ஜன்னலை உடைச்சியே, அப்பவும் இடதுபக்கம்தான்டா இழுத்துச்சு! இன்னும் திருந்தலையா நீ?"

ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், மடை உடைந்தது.

"பாவம்யா பிரான்ஸ்காரனுங்க, நல்லா ஏமாந்தானுங்க!"

"நம்ம தலையில இருந்த சனியனை அவனுங்க தலையில கட்டிட்டோம்!"

"எங்க அத்தை செருப்போட போட்டிருக்கும்டா அதை!"

"பாலத்தடில எழுதினதை அழிக்காதீங்கடா, பக்கத்துலயே 'இடதுபக்கம்'னு அம்புக்குறி போடுங்க!"

ஒரு வாய் மூடவில்லை. பப்பில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொன்று சொல்லாமல் விடவில்லை. சொன்னதையே திரும்பவும் சொன்னார்கள். முர்ட்டி அவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அதே கையால் அவனுக்கு ஒரு பைன்ட் பீர் சொன்னான். லோர்க்கன் பிளாஸ்திரி ஒட்டிய மூக்கால் உறிஞ்சிக்கொண்டு, "காத்து வளைச்சுடுச்சு" என்று எதிர்வாதம் வேறு செய்தான்.

"காத்தா? வெக்கங்கெட்டவனே, எங்களுக்கும் அதே காத்துதானடா அடிச்சுது!"

டிம்ப்னாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. இவர்கள் எந்த வெளியூர்க்காரனையும் இப்படி ஏச மாட்டார்கள். அவளும் தன் பங்குக்கு மகனின் மோவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பின்கழுத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உதைதான் இப்படின்னா, இந்த முடியை எந்தக் குருடன்டா வெட்டினான்?"